ஹுன்னஸ்கிரியவில் தாடி வைத்த சவுக்கு மரங்கள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை என் பேத்தி கிறிஸ்டினாவோடு ஹுன்னஸ்கிரியவுக்குப் போய் வந்தேன். அவள் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். நான் ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடை எடுத்தவள். கடைசி வருட ஆய்வுக்கு அவளுக்கு மரப்பாசியில் காய் பிடித்த கொத்து ஒன்று வேண்டும். ஏற்கனவே இரண்டு தடவை போய் வெறுங்கையோடு வந்தாள். தோட்டத்துரை தந்த அனுமதிக் கடிதம் அன்று பகல் பன்னிரண்டு மணிவரைதான். அதனால் அந்தத் தோட்டம் பழகிய என்னையும் கூட்டிப்போனாள்.

குண்டசாலையில் காலை 6.40க்கு பஸ். ஆளுக்கு 120 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், தெல்தெனியா பக்கம் நீர்த்தேக்கம் அழகாகத் தெரியும். சந்தியில் இறங்கி, மேலே தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர் ஆட்டோ. காத்திருந்து திரும்பிவர 2,500 ரூபாய் கேட்டார் நௌஷாட் என்ற டிரைவர்.

"பாசி பார்க்கவா இவ்வளவு தூரம்? எங்கட கூரையில நிறைய இருக்கு, சும்மாவே தாறன்," என்றார்.

"அது ஒட்டுற சாதி, நானா. எங்களுக்குப் புதர் சாதி வேணும்," என்றாள் கிறிஸ்டினா.

போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். புத்தகத்தில் இந்த மரப்பாசிக்கு இலைக்கன் என்று பெயராம். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பெயின்ட் பூசியது போல் ஒட்டிக்கிடப்பது ஒரு வகை, இலை போல் விரிவது ஒரு வகை, குட்டிப் புதராகக் கிளைப்பது ஒரு வகை. நாங்கள் தேடிய உஸ்னியா மூன்றாவது வகை. கண்டி டவுனில் புகையால் அது பிழைப்பது கஷ்டமாம்.

மேலே, தேயிலைக்கு நிழலாக நட்ட சவுக்கு மரங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பச்சையும் சாம்பலும் கலந்த தாடி கிளைக்குக் கிளை. முப்பது வருடம் இதன் கீழே கொழுந்து எடுத்தும் ஒருநாள் நிமிர்ந்து பார்த்ததில்லை.

கிறிஸ்டினா அந்தத் தாடியில் ஒரு இழையை மெதுவாக இழுத்துக் காட்டினாள். மேல்தோல் வெடித்து, உள்ளே வெள்ளை நூல் ஒன்று ரப்பர் போல் நீண்டது. அந்த நூல் இருந்தால் உஸ்னியா. தட்டையாக, நூல் இல்லாமல் இருந்தால் ரமலினா, அது வேறு குடும்பம். என்ன நேர்த்தி பாருங்கள்.

பத்தரைக்கு, பாதையில் விழுந்து கிடந்த கிளையில் கிடைத்தது. நிமிர்ந்த கொத்து, நுனிகளில் சின்னத் தட்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கண்ணிமை மாதிரி மயிர். அதுதான் காய். "இத எடுத்து கவர்ல போடுங்க அம்மாயி," என்று சொல்லிவிட்டு வேறு மரத்தைப் படம் எடுக்கப் போனாள். எடுத்தேன், கச்சிதமாக.

திரும்பி வந்து கடதாசி உறையைத் திறந்தவள் முகம் மாறியது. "அடி எங்க அம்மாயி?"

"அடி எதுக்கு? நல்ல நுனியா பார்த்து எடுத்திருக்கேன்."

"கொழுந்தா கிள்ளியிருக்கீங்க. அடி கறுப்பா வெளிறலான்னு பார்க்காம எந்த இனம்னு எழுத முடியாது."

கிளையைத் தேடினால் காணவில்லை. வண்டியைத் திருப்ப இடம் வேண்டுமென்று நௌஷாட் பாதையில் கிடந்த எல்லாக் கிளைகளையும் ஓரத்தில் மழைநீர் ஓடும் கானுக்குள் தள்ளியிருந்தார். இருபது கிளையாவது இருக்கும், எல்லாவற்றிலும் பாசி. மணி பதினொன்றேகால், மூடுபனி இறங்கிவிட்டது. கிறிஸ்டினா கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கானுக்குள் இறங்கினேன். நௌஷாட்டும் இறங்கி ஒவ்வொரு கிளையாகத் தூக்கிப் பிடித்தார். பதினொன்றே முக்காலுக்கு ஒரு கிளையில், கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி போல ஒரே மட்டத்தில் நின்றது ஒரு கொத்து. கிள்ளிய இடமெல்லாம் வெள்ளை நூல் துருத்திக்கொண்டிருந்தது. என் நகம் பட்ட இடம் எனக்குத் தெரியாதா?

கிறிஸ்டினா நுனிகளை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தின. கீழே அடி, கரி பூசியது போல் கறுப்பு. பட்டையோடு சீவி எடுத்தாள்.

"பாட்டி கிள்ளாட்டி இத்தனை கிளையில எது அந்தப் பாசின்னு தெரிஞ்சிருக்காது," என்றார் நௌஷாட்.

போகிறவர்களுக்கு: அனுமதி இல்லாமல் எதையும் எடுக்காதீர்கள், எடுத்தாலும் விழுந்த கிளையில் மட்டும். பொலித்தீன் பையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும், கடதாசி உறைதான் சரி. மூடுபனி இறங்குமுன், பதினொரு மணிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். அட்டை கடிக்காமல் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள்.

இனப்பெயரை உறுதிசெய்ய இன்னும் இரசாயனத் துளி விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். உறையின் மேல் அவள் எழுதியதைப் படித்தேன்: 'அடியும் நுனியும் ஒரே கொத்து. கையால் கிள்ளப்பட்டது.' சேகரித்தவர் என்ற இடத்தில் இரண்டு பெயர். முதலில் இருந்தது என்னுடையது.