எலுமிச்சைச் சாற்றிலும் ஏழு

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம், மலாக்காவில் ஒரு ரப்பர் பால் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். யார் இருப்பார், யார் போவார் என்று எல்லாருக்கும் கலக்கம். எனக்குக் கூடுதலாகவே இருந்தது. அங்கே பெண்களை வேலைக்கு வைத்தது தவறு என்று சொல்லக் காத்திருந்தவர்கள் உண்டு.

ஊருக்குள் காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீட்டில், பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்ந்த ஒரு செட்டிக் குடும்பம் இருந்தது. சாமி கும்பிடுவதெல்லாம் எங்களைப் போலத்தான், வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டுப் பெரியவர் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்தவர். வாதம் வந்து ஒரு கை விழுந்ததிலிருந்து வெளியே போவதில்லை. முன்னறைக் கண்ணாடித் தொட்டியில் பதினொரு ஏஞ்சல் மீன்கள் வளர்த்தார். விடிந்ததும் அவற்றின் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

அந்த மீன்கள் சாகத் தொடங்கின. மூன்றாவது செத்த அன்று அவருடைய மனைவி வேலியோரம் வந்து, உங்கள் தொழிற்சாலையில் தண்ணீரின் புளிப்பை அளக்கும் மிஷின் இருக்கிறதாமே என்று கேட்டார். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பெரியவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று சொன்னதும் மறுக்க வாய் வரவில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. எல்லாரும் போனபின் பிஎச் மீட்டரை மரப்பெட்டியோடு எடுத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அதன் உயிர் ஒரு கண்ணாடித் தண்டில் இருந்தது. தண்டின் நுனியில் சோப்புக் குமிழி போல மெல்லிய குமிழ். அளப்பதற்கு முன் அளவு தெரிந்த கரைசலில் அதை நனைத்து, முள்ளைச் சரியான எண்ணுக்குத் திருகி வைக்க வேண்டும். ஏழு என்றால் புளிப்பு இல்லை, எண் குறையக் குறையப் புளிப்பு. ஏழு, நாலு என்று இரண்டு கரைசல் புட்டிகள் உண்டு. பாரத்துக்குப் பயந்து ஏழை மட்டும் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தேன். ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டது.

பெரியவர் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். தண்டை ஏழாம் கரைசலில் வைத்தேன். முள் ஏழில் நின்றது, திருகவே வேண்டியிருக்கவில்லை. தொட்டியில் வைத்தேன். அங்கேயும் ஏழு. தண்ணீர் நல்லாத்தான் இருக்கிறது என்று மலாயில் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

ஆனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மீட்டர் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த அம்மாவிடம் எலுமிச்சம்பழம் ஒன்று கேட்டு, கிண்ணத்தில் பிழிந்து, தண்டை அதில் வைத்தேன். முள் ஏழை விட்டு அசையவில்லை.

குமிழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முடி அகலத்துக்கு ஒரு விரிசல். விரிசல் விட்ட தண்டு எதில் வைத்தாலும் ஏழுதான் காட்டும் என்று படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் சொன்னது தப்பு, அந்த எண்ணை நம்பாதீர்கள் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு வெளியேறினேன்.

ஞாயிறு முழுக்க அதே யோசனை. பேசாமல் பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிடலாம் என்று பத்துத் தடவையாவது நினைத்திருப்பேன். திங்கள் காலை முதலில் அளப்பது என்னோடு வேலை செய்த இன்னொரு பெண். பழி அவள் மேல் விழும். அதை நினைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என்னை மேலும் பயமுறுத்தியது.

திங்களன்று அவள் வருமுன்பே தலைமை கெமிஸ்ட் அறைக்குப் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆரைக் கேட்டுக் கொண்டு போனனீர்?"

"யாரையும் கேக்கல, சார்."

"உடைஞ்சதெண்டு எப்படித் தெரிஞ்சது?"

எலுமிச்சையைச் சொன்னேன். புதுத் தண்டு இங்கிலாந்திலிருந்து வர இரண்டு மாசம் ஆகும், அதுவரைக்கும் எல்லா அளவையும் நிறம் மாறும் சாயத்தை வைத்து நானே எடுக்க வேண்டும் என்றார், நடந்ததை மேலிடத்துக்கு எழுதத்தான் போவதாகவும் சொன்னார். நான் கதவருகே போனபோது அந்தச் சாயம் கொஞ்சம் இருந்த ஒரு சின்னப் புட்டியை மேசை மேல் வைத்தார்.

"இதில ரெண்டு துளி விட்டுப் பாரும். மஞ்சளானா அந்த மனுசன்ர தண்ணி புளிப்பு."

அன்று சாயங்காலம் தொட்டித் தண்ணீரில் விட்டேன். தண்ணீர் எலுமிச்சை நிற மஞ்சளானது. மிஞ்சிய தீனி அடியில் அழுகிக் கிடந்திருக்கிறது. பாதித் தண்ணீரை மாற்றி, புளிப்பை முறிக்கக் கழுவிய சிப்பிகளைப் போட்டோம். பெரியவர் நல்ல கையால் ஒவ்வொரு சிப்பியாக எடுத்துக் கொடுத்தார். நாலு மீன்கள் பிழைத்தன.

என் வேலையை நிரந்தரமாக்குவது ஒரு வருஷம் தள்ளிப்போனது. அது முடிந்து கடிதம் வந்தபோது பிரிக்கத் தைரியம் இல்லாமல் இரண்டு நாள் அலமாரியில் வைத்திருந்தேன். என் தங்கைதான் பிரித்துப் படித்துவிட்டு, "வேலை நிரந்தரமாயிருச்சு லா, அக்கா" என்றாள். நான் அதை வாங்கி, கையெழுத்து வரைக்கும் இன்னொரு தடவை படித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.