பாதிக் கம்பளி

என் அறையில் இருக்கும் ஒரே கதிரையின் முதுகில் ஒரு கறுப்புக் கம்பளி கிடக்கிறது. எத்தனையோ மழையில் நனைந்து, அடுப்புப் புகையில் காய்ந்து, முரடாகிப்போன கம்பளி. தேயிலைத் தோட்டங்களில் மழைக்கும் குளிருக்கும் தலையில் போட்டுக்கொண்டு வேலை செய்வது இதைத்தான். பிலிமத்தலாவையில் என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர்கள் எப்போதாவது இங்கே வந்தால் மூக்கைச் சுளிப்பார்கள். "மாஸ்டர், இத இன்னும் ஏன் வச்சிருக்கீங்க? ஆட்டு மந்த மாதிரி நாறுது." நான் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போய்விடுவேன். அது என் அண்ணனுடையது.

எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஆட்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், எங்கள் லயம். அப்பா இறந்தபோது நாங்கள் இருவருமே சின்னவர்கள்தான். இரண்டு பேரில் ஒருவர் படிக்கலாம், மற்றவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தாக வேண்டும். அண்ணன் யாரையும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் அப்பாவின் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். மாதா கோயில் சுவாமி எங்கெங்கோ சொல்லி, கண்டியில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்து விடுதியில் எனக்கு இடம் வாங்கித் தந்தார். போகும்போது குளிருக்கு என்று அம்மா ஒரு கம்பளியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அதை வைக்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் அது இல்லாவிட்டால் அவர்கள் வேறு ஏதாவது கண்டுபிடித்திருப்பார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பெருமையே அதன் கடேற் படைதான். பிள்ளைகளைப் பட்டாளத்து அதிகாரிகளாக்கும் இடம் அது என்று கண்டியில் பேசிக்கொள்வார்கள். வெள்ளைக்கார மாஸ்டர் ஒருவர் அதற்குக் கப்டன். என்னையும் சேர்த்துவிட்டார்கள் என்று விடுமுறையில் போய்ச் சொன்னதும் அண்ணன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"துவக்கு குடுப்பாங்களாடா?"

"நெசத் துப்பாக்கியே குடுப்பாங்கண்ணே."

"நம்ம தோட்டத்துல தொரகிட்ட மட்டுந்தான் இருக்கு." அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார். "ஒரு தடவ நீ அதத் தோள்ல வச்சு நடக்குறதப் பாத்துட்டாப் போதும்டா தம்பி."

அந்த ஒரு வாக்கியத்தால்தான் நான் கடைசி வரை அந்தப் படையில் இருந்தேன்.

புதிதாகச் சேர்ந்த எல்லாரையும் பெரிய வகுப்புப் பையன்கள் படுத்துவார்கள். அவர்களுடைய சப்பாத்தை நாங்கள் பளபளவென்று துடைக்க வேண்டும், துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும், குளிரில் குழாயடியில் நிற்க வேண்டும். முதல் தவணையோடு அது முடிந்துவிடும். பிறகு படுத்தியவனும் பட்டவனும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சிங்களப் பையன்களுக்கும் பறங்கிப் பையன்களுக்கும் யாழ்ப்பாணத்துப் பையன்களுக்கும் அப்படித்தான் முடிந்தது. எனக்கு மட்டும் முடியவில்லை.

எங்கள் அணிக்குச் சார்ஜனாக இருந்த பெரிய வகுப்புப் பையன் ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகன், யாழ்ப்பாணத்தான். விடியற்காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் பிரட்டை அவன் பங்களா வாசலில் நின்று பார்த்து வளர்ந்தவன். என் படுக்கையில் கம்பளியைக் கண்ட அன்றே அவனுக்கு விளையாட்டுக் கிடைத்துவிட்டது. சனிக்கிழமைகளில் அணிவகுப்புப் பயிற்சி முடிந்ததும் துப்பாக்கி அறைக்குப் பின்னால் கூட்டம் சேரும். சார்ஜன், பிரட்டில் பேர் கூப்பிடும் கணக்கப்பிள்ளையின் குரலில் கூப்பிடுவான்:

"அந்தோணிக் கூலி! பிரட்டுக்கு வா!"

காக்கி உடுப்புக்கு மேலே கம்பளியைப் போட்டுக்கொண்டு நான் போய் நிற்க வேண்டும். "வந்தேங்க ஐயா" என்று சொல்ல வேண்டும். பிறகு மைதானத்து ஓரத்துப் புல்லைக் கொழுந்து மாதிரிக் கிள்ளித் தொப்பிக்குள் போட வேண்டும். அவன் தொப்பியைக் கையில் தூக்கி நிறுத்துப் பார்த்து, "இதென்னடா, முழுக்க முத்தல் இலை! இண்டைக்கு உனக்கு அரைப் பேர்தான்" என்று என் தலையில் கொட்டுவான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அரைப் பேர் என்றால் பாதிச் சம்பளம் என்று தெரியாத பறங்கிப் பையன்களும் சிரிப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை கப்டன் அந்த வழியாக வந்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சற்று நேரம் நான் கிள்ளுவதைப் பார்த்தார். பையனுக்கு இது கைவந்த வேலையாக இருக்கிறதே என்று இங்கிலீசில் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரிடம் போய்ச் சொல்வது? சுவாமியிடம் சொன்னால் அவர் பள்ளிக்கூடத்துக்கு எழுதுவார். பள்ளிக்கூடம் என் பெட்டியை வெளியே வைக்கும். நான் அண்ணனிடம் துப்பாக்கியைப் பற்றி மட்டுமே பேசினேன்.

வருடாந்த அணிவகுப்புக்கு அண்ணன் வந்தார். வத்தேகமை வரை நடந்து, அங்கிருந்து ரயிலேறி, கங்காணியிடம் இரவல் வாங்கிய கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். தூறலாக இருந்தது. கோட்டுக்கு மேலே இந்தக் கம்பளி. பெரிய மனிதர்கள் கதிரைகளில் உட்கார்ந்திருக்க, அவர் வேலிக்கு வெளியே நின்றார். கப்டன் குதிரையில் அந்தப் பக்கம் போனபோது அண்ணன் கம்பளியைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி நின்றதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். தோட்டத்தில் துரை வந்தால் செய்கிற மாதிரியே. பிறகு நாங்கள் அவரைக் கடந்து நடந்தோம். என் தோளில் துப்பாக்கி. நான் திரும்பிப் பார்க்க முடியாது. ஆனால் என் வாழ்நாளில் அவ்வளவு நேராக நான் நடந்ததில்லை.

அதோடு அவரை ரயிலேற்றி அனுப்பியிருக்க வேண்டும். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன். என்னைத் தேடிக்கொண்டு அவரே துப்பாக்கி அறைக்குப் பின்னால் வந்து நின்றார். வாயெல்லாம் பல். நான் கிட்டப் போவதற்குள் சார்ஜனும் கூட்டாளிகளும் வந்துவிட்டார்கள்.

"ஓ! தோட்டத்திலயிருந்து ஆள் வந்திருக்கோ?" சார்ஜன் அண்ணனை மேலும் கீழும் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. "அந்தோணிக் கூலி! பிரட்டுக்கு வா!"

இன்று மட்டும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கால்கள் பழக்கத்தில் போய் நின்றன.

"கம்பளி எங்கையடா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். பிறகு நடந்து வந்து எனக்குப் பக்கத்தில், என் தோளோடு தோள் உரச, வரிசையில் நின்றார். கம்பளியை விரித்துப் பாதியை என் தலையிலும் பாதியைத் தன் தலையிலும் போட்டார். சின்ன வயதில் மழைக்குள் கோயிலுக்குப் போவோமே, அப்படி.

"வந்தேங்க ஐயா," என்றார்.

பிறகு அந்தச் சிரிப்பு. அதைப்போல் ஒரு சிரிப்பை அந்த இடத்தில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ரெண்டு ஆள், ஒரு கம்பளி! எப்பிடியடா பேர் போடுறது?" என்று சார்ஜன் கண்ணீர் வரச் சிரித்தான். புல்லைக் காட்டினான். அண்ணன் குனிந்து இரண்டு கையாலும் கிள்ளத் தொடங்கினார், அலட்டிக்கொள்ளாமல், வேகமாக. நானும் கிள்ளினேன். தேநீருக்கு மணி அடித்ததும் அவர்கள் கலைந்து ஓடினார்கள்.

அண்ணன் கையிலிருந்த புல்லைக் கீழே உதறினார். என் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "நல்லா நடந்தடா," என்றார். ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுத்தார். நேரமாகிவிட்டது, ரயிலுக்குப் போக வேண்டும். மழை வலுத்திருந்தது. கம்பளியை என் தோளில் போட்டுவிட்டு, இரவல் கோட்டோடு நனைந்துகொண்டு போனார்.

இப்போதும் திருவிழாவுக்கு நான் லயத்துக்குப் போனால், அண்ணன் ஆட்களைக் கூட்டி வைத்து அந்த நாளைச் சொல்வார். பேண்ட் வாத்தியத்தைச் சொல்வார், கப்டனின் குதிரையைச் சொல்வார், தம்பி துவக்கோடு நடந்ததைச் சொல்வார். "இல்லையாடா தம்பி?" என்பார். "ஆமாண்ணே" என்பேன். கதை எப்போதும் மைதானத்திலேயே முடிந்துவிடும். துப்பாக்கி அறைக்குப் பின்னால் அது ஒருநாளும் வந்ததில்லை.

போன திருவிழாவில் எல்லாரும் எழுந்து போன பிறகு கேட்டேன். "அண்ணே, அன்னைக்கு ஏன் நீங்க வரிசையில வந்து நின்னீங்க?"

அவர் பீடியைப் பற்றவைத்தார். "பேர் கூப்பிட்டாங்க. வந்து நின்னேன்."

இப்போது என் அறைக்கு வெளியே தூறல் விழுகிறது. கதிரையில் கம்பளி கிடக்கிறது. அன்று அங்கே அவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் கூப்பிட்டது என் பெயரை மட்டும்தான்.