மிஞ்சிய பச்சை நூல்

எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டுவோம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாக்கிக் கூரை ஓரத்தில் செருகுவது வழக்கம். அந்த வருடம் துக்கம் நடந்த வீட்டில் மட்டும் கட்ட மாட்டார்கள்.

தொண்ணூற்றைந்து பொங்கலுக்கு, சூலூரில் நாங்கள் குடியிருந்த வீடு அப்படி வெறுமையாக நின்றது. ஐப்பசியில் காய்ச்சல் வந்து எங்கள் நான்கு வயது மகள் போய்விட்டாள்.

அன்று மாலை எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா வந்தார். கையில், உல்லன் நூலில் குரோஷா ஊசியால் பின்னிய சின்னக் காப்புக் கொத்து. சர்ச்சுக்குப் போகிறவர், எங்கள் முறை தெரியாமல் கொண்டுவந்துவிட்டார் என்று எனக்குச் சுருக்கென்றது.

"இந்த வருசம் நாங்க காப்புக் கட்டறதில்லீங்க்கா," என்றேன், முகத்தைப் பார்க்காமல்.

"தெரியுமுங்க தம்பி. கட்டறதுக்குக் கொண்டாரலீங்க. பாப்பா ஸ்வெட்டர் பின்னுன பச்சை நூல் கொஞ்சம் மிஞ்சியிருந்துச்சு. வேற புள்ளைக்குப் போட மனசு வரலீங்க. அதான் வேப்பிலையாப் பின்னிப்போட்டேன்."

அந்த ஸ்வெட்டரைப் போட்டுத்தான் மகளைப் புதைத்திருந்தோம்.

புதைத்த நாளிலிருந்து யாரிடமும் பேசாதிருந்த என் மனைவி எழுந்து வந்து கொத்தை வாங்கினாள். ஒவ்வொரு இலையாகத் தடவினாள்.

"அவ கை பட்ட நூலுங்க்கா. நீங்க பின்னறப்ப உருண்டையை உருட்டி விளையாடிட்டிருப்பா."

மனைவி தாங்கமாட்டாள் என்று மகளின் சாமான்களையெல்லாம் நான் எப்போதோ அப்புறப்படுத்தியிருந்தேன். ஸ்வெட்டர் தொங்கிய ஆணி மட்டும் சுவரில் இருந்தது. அதில் அவள் கொத்தை மாட்டிவிட்டு, நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

என்னால் அந்தச் சுவர்ப்பக்கம் திரும்ப முடியவில்லை. தாங்காதவன் நான்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.