மூடிக்குள் பென்சில் எழுத்து

என் அக்கா புருஷன் ராணுவப் பட்டறையில் ரேடியோ மெக்கானிக். முப்பது வருடமாக அதே ஸ்டூல். எந்தப் பெட்டியைப் பழுது பார்த்தாலும் மூடியின் உட்புறம் பென்சிலால் தேதியும் கோளாறும் எழுதி வைப்பார். "அடுத்துத் திறக்கிறவன் முழிக்கக் கூடாதுல்ல?" என்பார். நான் அங்கேயே ஸ்டோர் கீப்பர்.

சண்டை தொடங்கியதும் எதிரிக்கு மனுஷன் என்ற பேரே போயிற்று. எங்கள் பெரிய அதிகாரி வாயைத் திறந்தால் 'பன்னிங்க'தான். சிரிக்காதவன் மேல் சந்தேகம். நானும் சிரித்துத் தொலைத்தேன், வெட்கக்கேடு.

ஒருநாள் எதிரியிடம் பிடித்த ரேடியோ ஒன்று வந்தது. அத்தான் மூடியைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். உட்புறம் பென்சில் எழுத்து. அவர்கள் மொழியில் ஏதோ இரண்டு வரி, கீழே தேதி, அதற்கும் கீழே எங்கள் அலைவரிசையின் எண்.

"மச்சான், இங்க பாரு. என்னை மாதிரியே ஒருத்தன் அங்க உக்காந்திருக்கான். நாம பேசுறதெல்லாம் கேக்குறான்டா!"

எங்கள் ஆட்கள் காவல் மாறும் நேரத்தைக்கூட ரேடியோவில் அப்பட்டமாகப் பேசுவார்கள். குறியீட்டில் பேசினால் நேரமாகிறதாம். முன்வரிசைக் காவலில் அக்கா மகனும் இருந்தான்.

அத்தான் மூடியோடு அதிகாரி அறைக்கு ஓடினார். நானும் கூடப் போனேன்.

"ஐயா, இன்னைக்கே குறியீட்டுக்கு மாறச் சொல்லுங்க. என் பையன் அங்க இருக்கான்யா."

அதிகாரி டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பன்னி ரேடியோ ரிப்பேர் பண்ணுமாய்யா? போய் வேலையப் பாரு." அறையே சிரித்தது.

ஐந்தாம் நாள், காவல் மாறும் அந்தப் பத்து நிமிடத்தில் அடித்தார்கள். பதினேழு பேர் போனார்கள். அதில் அக்கா மகன் ஒருவன். அன்று மாலையே எல்லாரும் குறியீட்டுக்கு மாறினார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற புத்தி!

அதிகாரி துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தார். "பன்னிப் பயலுங்களுக்கு நேரம் எப்படித் தெரிஞ்சுதுன்னே புரியலம்மா" என்றார். அடப்பாவி, மூடியைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நீட்டினாரே மனுஷன்!

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பன்னின்னு நினைச்சதுக்கு என் புள்ள ஏன்யா சாகணும்?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

வேலைக்குத் திரும்பிய அன்று அத்தான் முதலில் அந்தப் பெட்டியைத்தான் எடுத்தார். மூடிக்குள், அந்த முகம் தெரியாதவன் எழுத்துக்குக் கீழே தேதி போட்டார். பிறகு எழுதினார்: 'பெட்டியில் கோளாறு இல்லை. சொன்னேன், கேட்கவில்லை.'