ரிலீவர் வந்த பிறகும்

பெங்களூரிலிருந்து மத்திகிரிக்குத் திரும்பும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் தூங்கிவிடுவார். மருந்து ஏறிய கையில் பஞ்சு ஒட்டியிருக்கும். மாநில எல்லையில் ஜூஜுவாடி நெருங்க நெருங்க, கடைப் பலகைகளில் கன்னடம் மெல்லத் தமிழாகும். மார்கழிப் பனிக்குள் லாரிகள் மிதந்து வரும். அந்த நேரத்தில் என் தோளில் சாய்ந்த தலையின் கனம் மட்டும்தான் எனக்கு நிஜம்.

அவருக்கு நுரையீரலில் புற்றுநோய். தெரியவந்தபோதே முற்றியிருந்தது. பீடியே தொடாத மனுஷனுக்கு ஏன் இது என்று சாமியிடம் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டேன். டாக்டர் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார். கட்டிக்கு ரத்தம் போகும் வழியைக் குறிவைத்து அடைக்கும் மாத்திரை வீட்டில். உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் இம்யூனோதெரபி மருந்து ஆஸ்பத்திரியில், நரம்பு வழியாக. மருந்து கேட்கும் என்று உறுதி சொல்லவில்லை. பார்ப்போம் என்றார்.

முதல் ஸ்கேனில் கட்டி குறையவே இல்லை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். இவர் பெருமையாகச் சொன்னார்:

"ஊசி ஏத்துன வாரம் நிறுத்திருவேன் சார். அடுத்த ஷிப்டுக்கு ரிலீவர் வந்துட்டா, முன்ன நின்னவன் மிஷின விட்டுட்டுப் போயிரணுமில்ல."

உப்பு வாங்கிவரச் சொன்னால் மறக்கிற மூளை, கம்பெனி ஷிப்ட் வழக்கத்தை மட்டும் மறக்கவில்லை. கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் கோபப்படவில்லை.

"இங்க ஷிப்ட் மாத்தறதே கிடையாதுங்க. ஒருத்தர் வழிய அடைக்கணும், இன்னொருத்தர் கட்டிய அடிக்கணும். ரெண்டு பேரும் ஒரே மிஷின்ல நிக்கணும். நிறுத்தணும்னா நான் சொல்றேன்."

அன்றிலிருந்து மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன். அவர் விழுங்கும்வரை நகர மாட்டேன். அவர் முறைப்பார். நானும் முறைப்பேன்.

போன முறை மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது தளியிலிருந்து அவர் தங்கை வந்தாள். தோட்டத்து ரோஜாவை என் தலையில் வைத்துவிட்டு, "நீங்க போயி சாப்ட்டு கொஞ்சம் படுங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்றாள். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் அடுத்த ஸ்கேன்தான் வந்து நின்றது. எழுந்தேன்.

முந்தானை இழுபட்டது. கண்ணைத் திறக்காமலே பிடித்திருந்தார்.

"ரிலீவர் வந்தாலும் போவாத."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மருந்து சொட்டிக்கொண்டிருந்தது.