கோயில் ஏரி ஊற்றும் ஒரு மணிக் கப்பலும்

என் மகள் நிலா கல்லூரியில் சேரச் சென்னைக்குக் கப்பலேறிய அன்று காலைதான் நான் கோயில் ஏரிக்குப் போனேன். எங்கள் தீவின் தமிழ்க் குடும்பங்களில், கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கு அந்த ஏரிக்கரை ஊற்றுத் தண்ணீரில் ஒரு மடக்கு கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அன்று காலை எடுத்ததாக இருக்க வேண்டும்.

கப்பல் மதியம் ஒரு மணிக்கு. பதினொன்றரைக்குள் கப்பல் நிற்கும் ஜெட்டிக்குள் நுழைய வேண்டும். எங்கள் புரோத்ராபூரில் ஏழு பத்துக்குப் பேருந்து பிடித்தேன். பதினாறு கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய். வழியெல்லாம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி மூன்று கிலோமீட்டர் ஒரு வங்காளி தாதாவின், அதாவது அண்ணனின், ஆட்டோவில், நூற்றைம்பது.

ஏரி என்றால் முன்பே இருந்த ஏரி இல்லை. மாரியம்மன் கோயிலும் சுற்றிலும் வயலுமாக இருந்த இடம். சுனாமியில் நிலம் தாழ்ந்து, ஓடை வழியாகக் கடல் உள்ளே வந்து தங்கிவிட்டது. அம்மனை மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பழைய கோயில் படியோரம்தான் மூன்று ஊற்றுகள். உப்பு ஏரிக்குப் பக்கத்தில் இளநீர் மாதிரித் தண்ணீர்.

எட்டேகாலுக்கு இறங்கிப் பார்த்தால் ஊற்றையே காணோம்.

“ஜுவார் ஹை, அண்ணா” என்றார் தாதா. கடல் ஏற்றமாம், பன்னிரண்டுக்கு மேல்தான் ஊற்று வெளியே வருமாம். “டைம் தேக்கே நஹி ஆயா?” என்று வேறு கேட்டார், நேரம் பார்க்காமலா வந்தாய் என்று.

பார்த்தேனே, கப்பல் நேரத்தை. முப்பது வருஷமாகத் தீவில் இருக்கிறவன் கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்க்கவில்லை. என்மேலேயே எரிச்சல் வந்தது.

பத்து மணி வரை கரையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். தண்ணீர் ஒரு சாண் இறங்கியது, அவ்வளவுதான். இதற்கு மேல் நின்றால் பிள்ளையை வழியனுப்ப முடியாது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஊற்று இருக்குமென்று நினைத்த இடத்தில் பாட்டிலை அமுக்கி நிரப்பினேன். நாக்கில் வைத்துப் பார்த்தால் சுத்த உப்பு. வேறு வழி? ஜெட்டி வரை, காத்திருந்த அதே ஆட்டோ, அறுநூறு ரூபாய்.

பதினொன்று இருபதுக்கு ஜெட்டி வாசல்.

“கெடச்சுதா?” என்றாள் என் மனைவி தேவகி.

தலையாட்டினேன். அவளே பாட்டில் மூடியில் ஊற்றி நிலாவிடம் கொடுத்தாள். நிலா வாயில் வைத்தாள், என்னைப் பார்த்தாள், மடக்கென்று விழுங்கினாள்.

“எப்படிடி இருக்கு?”

“தித்திப்பா இருக்கும்மா. பாட்டில குடுங்கப்பா, மிச்சத்த நானே எடுத்துட்டுப் போறேன்.”

வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழக் கூடாது என்று தேவகிக்குப் புத்தி சொல்லி வைத்திருந்தவன் நான். கடைசியில் அழுததும் நான்தான்.

ஊற்றுக்குப் போகிறவர்கள் முதல் நாளே கடல் இறங்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம்தான் ஊற்று கிடைக்கும். அங்கே கடை கிடையாது, பாட்டில் கொண்டுபோங்கள். தேவகிக்கு இன்னும் விஷயம் தெரியாது. இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் என் மகளைப் போல நடந்துகொள்ளவும்.