ஐந்து நாள் பகிடி

போர்த்துக்கலின் தென்கரைக்கு விடுமுறையில் போனபோது என் பெட்டியில் ஆறு ரின் மீன் இருந்தது. மீனுக்கே பேர்போன நாட்டுக்கு, ஸ்டுட்கார்ட்டிலிருந்து, தகரத்தில் அடைத்த மீன். கூடவே மிளகாய்த்தூள். யோசித்துத்தான் செய்தேன் என்று இன்றைக்கும் மனைவியிடம் சாதித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன் நான் விடுமுறை என்று எங்கும் போனதில்லை. முப்பது வருடமாகக் கிடைத்த லீவெல்லாம் லண்டனில் கலியாணம், பாரிசில் சாமத்தியவீடு, சூரிச்சில் பிறந்தநாள் என்று போய்விட்டது. இந்த முறை மகள் தானாகவே டிக்கெட் போட்டாள். மருமகனுக்கு வேலை என்றாள். மனைவி தனக்கு லீவு இல்லை என்றாள்.

"நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ. அவள் ஏதும் கதைச்சா, வாயை மூடிக்கொண்டு கேளுங்கோ."

வாயை மூடச் சொல்லி அவள் தினமும் சொல்வதால், அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

முதல் நாள் கடலோரப் பாறை உச்சியில் நடை. நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவன், இருந்த இடத்தில் இருந்தபடியே ஊர் சுற்றிப் பழகியவன். நூறு படி ஏறியதும் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"ஏலாட்டி இருங்கோ அப்பா."

"ஏலும் பிள்ளை. இந்த முதுகை வைச்சிருக்கிறதே பேரப்பிள்ளையை ஏத்தத்தான். இப்பவே பழக்கிறன்."

அவள் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னே நடந்தாள். நல்ல வெயில்தான் என்று நானும் நினைத்தேன்.

அடுத்த நாள் கடற்கரையில் வாளியோடு ஒரு ஜெர்மன் குழந்தை அகப்பட்டது. அதற்கு மணல் கோட்டை கட்டிக் கொடுத்து, என் காலையும் புதைத்துக் காட்டினேன்.

"பார் பிள்ளை, அம்மப்பா வேலைக்கு நான் ரெடி. நீங்கள்தான் ஆளை அனுப்பவேணும்!"

அவள் எழுந்து கடலுக்குள் போனாள். இடுப்பளவு தண்ணீரில் எனக்கு முதுகைக் காட்டியபடி வெகுநேரம் நின்றாள். "கனதூரம் போகாத, எனக்கு நீந்தத் தெரியாது!" என்று கத்தினேன். தமிழ் புரியாமலே குழந்தையின் தாய் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் ஊர் பார்க்கப் போனோம். வெள்ளையடித்த சின்னத் தேவாலயம் ஒன்றுக்குள் நுழைந்து, மகள் ஒரு மெழுகுதிரி ஏற்றினாள்.

"முருகனுக்குத் தெரிஞ்சாக் கோவிப்பார்."

"இல்லை அப்பா, இது..."

"பயப்பிடாத. அவற்ர மயிலிட்டச் சொல்லிச் சமாளிக்கிறன்."

அவள் நெருப்புக்குச்சியை ஊதி அணைத்துவிட்டு வெளியே போனாள். நாலாம் நாள் மழை. அதுவும் ஓயவில்லை, என் பேச்சும் ஓயவில்லை.

கடைசி நாள் மறுபடியும் அந்தப் பாறை உச்சிக்குப் போனோம். அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, மார்ச்சில எனக்கு ஒரு பிள்ளை தங்காமப் போட்டுது. மூண்டு மாசம்."

கீழே அலை பாறையில் அடித்துத் திரும்பியது.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம். அம்மாதான் ஆஸ்பத்திரிக்கு வந்தவ."

மார்ச் மாதம் எனக்கு நினைவுக்கு வந்தது. பிள்ளைக்கு வயிற்றுக்கோளாறு என்றாள் மனைவி. நான் தொலைபேசி எடுத்து, "உன்ர சமையலை நீயே சாப்பிட்டனியோ?" என்று கேட்டிருந்தேன்.

"எனக்கு மட்டும் ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நீங்கள் என்னைச் சிரிப்பிச்சுப் போடுவியள் எண்டு பயந்தனான். எனக்கு அப்ப சிரிக்க விருப்பமில்லை. இஞ்ச வந்த நாளில இருந்து சொல்லப் பாக்கிறன். நீங்கள் இடம் விடுறியள் இல்லை."

அந்த நேரத்திலும் என் தொண்டைவரைக்கும் சிரிக்கவைக்கிற பகிடி ஒன்று வந்தது. என்னவென்று எழுதமாட்டேன். நல்ல பகிடிதான். விழுங்கிவிட்டேன்.

"அண்டைக்கு ஏத்தின மெழுகுதிரி..."

"ஓம் அப்பா."

"நானும் ஒண்டு ஏத்தட்டோ?"

இறங்கிப் போனோம். மத்தியான நேரம், தேவாலயம் பூட்டியிருந்தது. அது திறக்குமுன் நாங்கள் விமான நிலையத்துக்குப் புறப்படவேண்டும். அதன் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் அழுதாள். நான் பக்கத்தில் இருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை. அந்த நூறு படி இதைவிடச் சுகம்.

ரின் மீன் ஆறும் பத்திரமாக ஸ்டுட்கார்ட்டுக்கே திரும்பி வந்தன.

இப்போது பேருந்தின் கடைசித் தரிப்பில் எனக்குப் பன்னிரண்டு நிமிட ஓய்வு இருப்பது அவளுக்குத் தெரியும். சில நாள் தொலைபேசி எடுப்பாள். வேலையைப் பற்றிச் சொல்வாள், சமையலைப் பற்றிச் சொல்வாள், பிறகு நடுவில் நின்றுவிடுவாள். வெறும் பேருந்தில் நானும் பேசாமல் இருப்பேன்.

"அப்பா, லைன்ல நிக்கிறியளோ?"

"ஓம் பிள்ளை. நிக்கிறன்."